கரி பூசிய உள்ளங்கை

அந்த அக்காவின் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தார் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் அவருடைய வலது உள்ளங்கையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகள் வெடித்து, வெடிப்புக்குள் தேயிலைச் சாயம் கறுப்பாக இறங்கியிருக்கும். கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் கொஞ்சம் விலகியே நிற்கும். அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையின் கையை இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறாயே, உன் வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டாள். அந்தக் கையைப் பார்த்தால்தான் நமக்குச் சோறு என்று சொன்னேன். அப்புறம் அவளே விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தோட்டம். லயம் என்கிற நீள வரிசை வீட்டில் எங்கள் காம்பராவும் அக்காவின் காம்பராவும் ஒட்டி ஒட்டி இருந்தன. நடுச்சுவர் கூரை வரை போகாது. அவர் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்போம். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். தோட்டத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். சொந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவரிடம் போய் யாரும் பொத்தாம்பொதுவாகக் குறை சொல்ல முடியாது. உடம்பு சரியில்லை என்றாலும், உலகம் சரியில்லை என்றாலும், உடனே ஒரு கேள்வி வரும்.

"எந்த எடத்துல?"

குரலில் கிண்டல் இருக்காது. அவருக்கு உண்மையிலேயே இடம் தெரிய வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரி ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். நான் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

"இந்த மனுசனோட இனிமே வாழ முடியாதுக்கா."

"எந்த எடத்துல முடியல?"

மூக்கை உறிஞ்சினாள். யோசிக்கிறாள் போலிருக்கிறது.

"காலையில தேத்தண்ணி ஆறிப்போனா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிறாரு."

"அப்ப தேத்தண்ணியச் சூடாக் குடு. இல்லாட்டி மூஞ்சய எறக்கி வைக்கச் சொல்லு. அதுக்குப் போயி வாழ்க்கையைப் புடிச்சு ஏன் இழுக்குற?"

மறுநாள் தேத்தண்ணீர் சூடாக வந்தது. நானும் மூஞ்சியை ஒழுங்காக வைத்துக்கொண்டேன். அக்காவைப் பற்றி அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

அந்தக் கேள்வியைத் தனக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்பவரும் இல்லை அவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு நாள் கணக்கப்பிள்ளை அவர் கூடையைத் தள்ளிவிட்டு, "எல்லாம் முத்த இலை, ஒனக்கு அரைப்பேருதான்" என்றார். தோட்டத்தில் முழு நாள் வேலைக்கு முழுப்பேர் போடுவார்கள். வேலை குறைந்தால், கொழுந்து பிடிக்காவிட்டால், அரைப்பேர். அரை நாள் சம்பளம்தான். பெண்கள் எல்லோரும் அங்கேயே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வார்கள். அக்கா கூடையை அவர் முன்னால் சாய்த்து, "எந்த எடத்துலங்க ஐயா?" என்றார். கணக்கப்பிள்ளை குனிந்து கிளறி ஒரு பிடி முத்த இலையை எடுத்துக் காட்டினார். இருந்தது. அக்கா அதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரிங்கய்யா, அரைப்பேரு போடுங்க" என்று சொல்லிக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் மற்றப் பெண்கள் கணக்கப்பிள்ளையைத் திட்டினார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கையை முத்த இலைக்கு ஓர் அங்குலம் மேலே வைத்துப் பறித்தாராம், அதோடு சரி.

எனக்கு அப்போது கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியை வருஷக்கணக்கில் பறித்தபின் இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டும். வளைந்த கத்தியால் ஒரே வீச்சில், கிளை பிளக்காமல், பட்டை உரியாமல், சரிவாக வெட்ட வேண்டும். நான் நன்றாக வெட்டுவேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. ஒரு மழை நாளில் மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரம் இடிந்து, மண்ணோடு மண்ணாக நானும் கீழே போனேன். முழங்கால் திரும்பிவிட்டது. கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, எல்லாம் செய்தும் சமநிலத்தில் நடக்கத்தான் அது ஒத்துக்கொண்டது. சரிவில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

தேயிலை விலை விழுந்துகிடந்த காலம் அது. ஆள் அதிகம் என்று எல்லாத் தோட்டத்திலும் குடும்பம் குடும்பமாகப் பத்துச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டைக் கையில் வாங்கினால் காம்பராவைக் காலி பண்ணிவிட்டு ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இந்தியாவில் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? அண்ணன் வீட்டு வாசல். அங்கேயே ஆளுக்கு ஒரு வேளைதான். என் வீட்டுக்காரி வேறு மாசமாக இருந்தாள். முன்னே ஒன்று தங்காமல் போயிருந்தது.

பெரிய கங்காணி நல்ல மனுஷர்தான். அவர்தான் வழி சொன்னார்.

"துரை இந்த வருசம் சீமைக் கத்தி எறக்கலியாம். ஸ்டோருல பழைய மரம் அறுக்குற ரம்பத் தகடு குப்பையாக் கெடக்குது. அத வெட்டி கவ்வாத்துக் கத்தி செய்ய முடியுமாடா ஒன்னால?"

"செஞ்சதில்லீங்களே."

"கத்தி புடிச்சவன்தான? கவ்வாத்து தொடங்குறதுக்குள்ள எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு செஞ்சு காட்டு. துரைகிட்ட நான் சொல்றேன், இவன் பட்டறைக்கு வேணும்னு. காட்டலேன்னா என்னால ஒண்ணும் ஏலாதுடா தம்பி. பத்துச்சீட்டுதான்."

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை ஆலையை. அதன் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு சாணைக்கல், ஒரு இடுக்கி, இரண்டு மூன்று அரம், இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பட்டறை. கத்தி பிடித்தவனுக்குக் கத்தி செய்ய வந்துவிடும் என்று கங்காணியைப் போல நானும் நம்பினேன். முதல் தகட்டைச் சாணையில் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். வெட்டுகிற வாய் ஓரம் நீலம் பாய்ந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் பாய்ந்த எஃகு செத்த எஃகு என்பது அடுத்த நாள் அது ஈயத்தகடு மாதிரி மடங்கியபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டு நனைத்துத்தான் தீட்டினேன்.

கத்தி என்று சொல்லக்கூடிய முதல் கத்தி ஒன்றைச் செய்து, கொய்யாக் கட்டையில் பிடி செதுக்கி, அரக்கு உருக்கி ஊற்றி மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கண்ணுக்கு அது கோயிலில் வைக்கலாம் போலிருந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "மிலாறு வெட்டணும், குடு தம்பி" என்று வாங்கிக்கொண்டு போனார். கவ்வாத்தில் விழும் கிளைகளை மிலாறு என்போம். லயத்து அடுப்பெல்லாம் அதில்தான் எரியும். தேயிலைக் கட்டை இரும்பு மாதிரி இருக்கும். செடியில் நிற்கும்போது எப்படியோ, அடுப்பங்கரையிலும் அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் கத்தி திரும்பி வந்தது. எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அதை வைத்துவிட்டு அக்கா சொன்னார்.

"அரைப்பேரு."

"ஏங்கக்கா, வெட்டலியா?"

"வெட்டுது."

"அப்பறம் எந்த எடத்துல?" என்று அவருடைய கேள்வியையே நான் திருப்பிக் கேட்டேன். கேட்டது கோபத்தில்தான்.

அக்கா உள்ளங்கையை விரித்தார். நடுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம், கட்டைவிரல் பிளவில் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான், ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. விளக்கை எடுத்து வந்து அந்தக் கையைப் பார்த்தேன், பிடியைப் பார்த்தேன், மறுபடியும் கையைப் பார்த்தேன். பிடியின் நடுவில் அழகுக்காக நான் விட்டிருந்த மேடு நடுவிரலின் கீழ் போய் உட்கார்ந்திருந்தது. பிடி ஓரத்தை உருட்டாமல் சதுரமாக விட்டிருந்தேன்; அது கட்டைவிரல் பிளவைக் கடித்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிடி முழுவதையும் சுற்றிச் சுற்றிச் செதுக்கினேன். எந்த வேலையிலும் புதிதாக இறங்குகிறவனுக்கு வரும் வியாதி அது. ஓர் இடத்தில் குறை என்றால் எல்லா இடத்திலும் கை வைப்பான். பிடி மெலிந்து கரண்டிக் காம்பு ஆகிவிட்டது. அக்கா அதை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் அடியைத் தன் உள்ளங்கையால் துடைத்தார். கை முழுக்கக் கரி. அந்தக் கையோடு, நான் செதுக்கி வைத்திருந்த வேறொரு புதுப் பிடியை இறுகப் பிடித்து, வெட்டுகிற மாதிரி ஒரு வீச்சு வீசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

பிடியில் அக்காவின் கை எழுதியிருந்தது. அழுந்துகிற இடம் கன்னங்கரேலென்று, படுகிற இடம் சாம்பல் நிறமாக, படாத இடம் வெறும் கட்டையாக. கறுத்த இடத்தில் மட்டும் உளியால் ஒரு சீவல் எடுத்தேன். திரும்பவும் கரி, திரும்பவும் ஒரு வீச்சு. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, கடைசியில் பிடி முழுவதும் ஒரே மாதிரி மங்கலாகக் கரி ஒட்டியது. அந்தப் பிடியை நான் பிடித்தபோது என் கையில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை.

"இப்ப?" என்றேன்.

"வெட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நல்லது என்று சொல்ல அவருக்கு ஒரு நாள் வேலை முடிய வேண்டும். அதற்கு முன்னால் தலையை ஆட்டக்கூட மாட்டார். இதனால் அவரைப் பிடிக்காதவர்களும் லயத்தில் உண்டு. கருங்கல் மனசுக்காரி என்பார்கள். எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராக்காரர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்து எல்லோரும் போனபின், அவர் பெண்சாதி சுவரில் சாய்ந்தபடி, "எல்லாமே போச்சே, எல்லாமே போச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா போய்ப் பக்கத்தில் குந்தி, "எந்த எடத்துல தாயி?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இழவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது? அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, வாசல்படியின் இடதுபக்கத்தைக் கை நீட்டிக் காட்டியது. செத்தவர் தினமும் வேலை விட்டு வந்து உட்கார்ந்து கால் கழுவின இடம். அக்கா எழுந்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள்களிலும் வேலை விட்டு வந்ததும் நேரே அங்கே போய்த்தான் கால் கழுவினார்.

அடுத்த குறையைக் காட்டியது தேயிலைச் சாயம். கத்தி தீட்டுவதில் நான் கொஞ்சம் தேறியிருந்தேன். வாய் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக வரும்படி பழகிவிட்டேன். ஆனால் முரட்டுக் கல் போட்ட கீறல்களை அப்படியே விட்டிருந்தேன். வெட்டுகிறதுதானே, தகட்டுக்கு என்ன அலங்காரம் என்று நினைப்பு. அக்கா அந்தக் கத்தியைச் சில நாள் மிலாறு வெட்டி, வேண்டுமென்றே கழுவாமல் வைத்திருந்து கொடுத்தார். தகடு முழுக்கக் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஒவ்வொரு கீறலிலும் சாயம் இறங்கி இரும்பைத் தின்றிருந்தது. விரல் வைத்தால் சொரசொரப்பு. கிளையை வெட்டினால் அந்தச் சொரசொரப்பு பட்டையைப் பிடித்து உரிக்கும்.

"சாயத்துக்கு வீடு கட்டிக் குடுத்திருக்க, குடி வந்திருச்சு" என்றார் அக்கா. அவர் அதிகமாகப் பேசினால் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு முரட்டுக் கல்லின் கீறலை அதைவிட நைசான கல்லால் குறுக்கே தேய்த்து அழிக்கவும், அந்தக் கல்லின் கீறலைச் செங்கல்பொடியால் அழிக்கவும், கடைசியில் சாம்பலும் தேங்காயெண்ணெயும் வைத்து ஒரே திசையில் நீவவும் பழகினேன். முதல் கல்லின் கீறல் ஒன்று மிஞ்சினாலும் அடுத்த கல்லுக்குப் போகக் கூடாது. என் வீட்டுக்காரிக்கு இதில் ஒரே எரிச்சல். "புள்ளைக்குத் தடவ வச்ச எண்ணெய எல்லாம் கத்திக்குத் தடவுறாரு" என்று சுவருக்கு மேலாக அக்காவிடம் முறையிட்டாள். சொல்லிவிட்டு, சாம்பலை அவளேதான் சலித்துக் கொடுத்தாள்.

பிசிறு பார்க்கக் கற்றதும் அக்காவிடம்தான். தீட்டிய வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். வெட்டின முதல் நாள் பளிச்சென்று வெட்டும், மறுநாள் பிசிறு ஒடிந்து கத்தி மொண்ணையாகிவிடும். அக்கா தன் பழைய சேலையிலிருந்து ஒரு நூலை உருவி, கத்தி வாயின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். நூல் ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் சுண்டுவிரலை வைத்துக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். விளக்குத் திரி திரிக்கும்போது நூல் நகத்தில் மாட்டுவதைப் பார்த்து அவருக்குத் தோன்றிய வழி அது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் சேலைத் தலைப்பு பாதி நூலாகிவிட்டது.

இப்படியாகக் கத்திகள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தன. கவ்வாத்து தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. துரை வந்து பார்ப்பார் என்று கங்காணி சொல்லி அனுப்பினார். எனக்குக் கை பரபரத்தது. ஸ்டோரில் மேசை நாற்காலிக்கு அடிக்க வைத்திருந்த வார்னிஷ் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். எல்லாப் பிடிகளையும் மழுமழுவென்று தேய்த்து, வார்னிஷ் பூசி, காயவைத்து, மறுபடியும் பூசினேன். வரிசையாக அடுக்கி வைத்தபோது கடைத்தெருச் செட்டியார் கடையில் புதுச்சரக்கு இறங்கின மாதிரி இருந்தது. சனிக்கிழமை துரை வந்தார். ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, கங்காணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை காலை ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். கங்காணி என் முதுகில் தட்டினார். நான் சாக்கோடு வீடு வந்து சேர்ந்தபோது முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தூறல். அக்கா ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி மிலாறு வெட்டப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டார். கையில் கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை.

"என்னங்கக்கா?"

"புடிக்கல தம்பி."

"எந்த எடத்துல?"

அக்கா கையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார்.

"எடம் தெரியல. ஆனா புடிக்கல."

இத்தனை காலத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. துரையே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன கத்தி. நாளைக்குப் பொழுது விடிந்தால் என் குடும்பத்தின் தலையெழுத்து. இந்த நேரத்தில் இடம் தெரியாத ஒரு குறையா? கத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, தூறலில் நொண்டிக்கொண்டே மிலாறு குவியலுக்குப் போனேன். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். கிளை விழுந்தது. இரண்டாவது வெட்டுக்குக் கை நனைந்திருந்தது. கத்தி என் கையை விட்டுப் பறந்து போய்க் முட்டைக்கோவா பாத்திக்குள் விழுந்தது. அங்கே யாரும் நிற்காதது மாரியம்மன் புண்ணியம்.

கவ்வாத்துக்காரன் கை மலையில் எப்போதும் நனைந்தேதான் இருக்கும். பனி, தூறல், வேர்வை, ஒன்றில்லாவிட்டால் ஒன்று. இது எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் வெட்டியிருக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் சாய்ப்புக்குள், ஸ்டோர் அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில், உலர்ந்த கையோடு உட்கார்ந்து செய்திருந்தேன். மலையை மறந்துபோய்விட்டது என் கை. இத்தனை மழமழப்பும் ஈரம் பட்டதும் விலாங்கு மீன். பக்கத்துச் செடியில் வெட்டிக்கொண்டு நிற்கிறவன் காலில் அது பாய்ந்தால் என்ன ஆகும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தொரை பாத்து நல்லாருக்குன்னுட்டாரு. அதப் போயி சொரண்டப் போறீங்களா? நாளைக்கு அவரு வந்து பளபளப்பு எங்கடான்னு கேட்டா என்னா சொல்லுவீங்க? ஊருக்குப் போயி ஒங்க அண்ணன் வாசல்ல நான் புள்ளை பெத்துக்கணுமா?"

அவள் சொன்னதில் எந்த இடத்திலும் தவறில்லை. நான் சாக்கின் வாயை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். அக்கா தன் காம்பராவுக்குள் போனார். ஒரு சத்தம் கேட்டது. உடைந்த போத்தல் சில்லுகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்து, எங்கள் இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, சாக்கிலிருந்து முதல் கத்தியை எடுத்தார். கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் பிடியை ஒரு திசையாகச் சுரண்ட ஆரம்பித்தார். வார்னிஷ் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. நானும் ஒரு சில்லை எடுத்தேன்.

பொழுது சாயும்வரை சுரண்டினோம். மழமழப்பு போய்க் கட்டையின் நரம்பு விரலில் தட்டும்வரை சுரண்டி, கொஞ்சம் எண்ணெய் மட்டும் ஊட்டித் துடைத்தோம். ஒவ்வொன்றையும் அக்கா கையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாக்கில் போட்டார். இடையில் இரண்டொரு தரம் கையைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டார். குளிர் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் மூட்டமும் தூறலும். சாக்கை அவிழ்த்ததும் கங்காணியின் முகம் கறுத்தது. "என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று பல்லைக் கடித்தார். துரை வந்து ஒன்றை எடுத்தார்.

"பாலிஷ் எங்கே?"

"மழைக்காக எடுத்துட்டேங்க."

துரை கையுறையைக் கழற்றினார். நனைந்த கையால் கத்தியைப் பிடித்து ஒரு வீச்சு வீசினார். என் மூச்சு அவர் கையில் இருந்தது. நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. கத்தியைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு நடந்தார். "வாங்கிக்கிட்டு மலைக்குப் போங்கடா" என்றார் கங்காணி.

அந்தப் பகல் மாதிரி ஒரு நீளமான பகலை நான் கண்டதில்லை. சாயங்காலம் கவ்வாத்துக்காரர்கள் இறங்கி வந்தார்கள். கத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக் கதை பேசிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார்கள். கங்காணி கடைசியாக வந்தார்.

"ஒருத்தனும் கத்தியப் பத்திப் பேசலடா. காலையிலேருந்து ஒரு வார்த்தை இல்ல. தொரை ஒன் பேர செக்ரோல் புத்தகத்துல பட்டறைக்குன்னு எழுதச் சொல்லிட்டாரு. போ, வீட்டுல சொல்லு."

நொண்டிக் காலால் ஓட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நேரே அவர் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து என் வீட்டுக்காரிதான் உள்ளேயிருந்து திறந்து, என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அக்கா பாயில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். காலையில் ஆக்கின சோறு தட்டில் அப்படியே காய்ந்திருந்தது. என் வீட்டுக்காரி கம்பளியை மெதுவாக விலக்கிக் காட்டினாள். இரண்டு கையும் வீங்கியிருந்தன. விரலில் ஏற்கெனவே வெடித்த வெடிப்பெல்லாம் கண்ணாடி கிழித்து வாய் பிளந்து, வார்னிஷ் தூள் இறங்கிப் பழுத்திருந்தது. காலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கொழுந்துக்குப் போயிருக்கிறார். ஒரு கொழுந்துகூடக் கிள்ள முடியாமல் திரும்பி வந்திருக்கிறார்.

"கத்தி என்னாச்சு தம்பி?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். முகம் நினைவில்லை என்றேனே, அந்த மூடின கண் மட்டும் நினைவிருக்கிறது.

"ஏங்கக்கா நேத்தே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ நிறுத்தியிருப்ப."

பிள்ளை குட்டி பெற்று, பேரன் பேத்தி எடுத்து, அதே மலையில் எத்தனையோ கத்தி செய்து, இன்றைக்கு வரை நான் தின்கிற ஒவ்வொரு கவளமும் அந்தக் கை போட்டது. இதை அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரி காய்ந்த சோற்றைக் கொட்டிவிட்டு, எங்கள் அடுப்பிலிருந்து சுடுசோறும் ரசமும் கொண்டுவந்து பிசைந்தாள். அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தொறங்க வாய" என்று அதட்டினாள். அக்கா முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் வாயைத் திறந்தார். விரல் ஆறும்வரை மூன்று வேளையும் அப்படித்தான். எங்கள் மகள் பிறக்க இன்னும் சில மாதம் இருந்தது. என் வீட்டுக்காரி முதன்முதலில் சோறு ஊட்டி வளர்த்தது அக்காவைத்தான்.